லேப்டாப்பும் செவலைக் காளையும்

வல்லத்திராக்கோட்டை தமிழ்செல்வனுக்குக் கெட்டுப்போன எதையும் தூக்கிப்போட மனசு வராது. பழைய லேப்டாப்பின் மூடி கீல் விட்டுப் போனபோது, பின்னால் செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியவன் அவன். அதில்தான் அவன் மனைவி கலைமதி, துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தாள். 'ஆ' சொல்லிக்கொடுக்கும்போதே படம் உறைந்துவிடும். வாயைப் பிளந்தபடி நிற்கும் டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் கும்மாளம் போடும்.

புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ரகுநாத் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேட்டரி, ஃபேன், ஹார்டு டிஸ்க், கீல் எல்லாத்தையும் மாத்தணுங்க. அதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"புதுசு விக்கிறவரு வேற எப்படிச் சொல்லுவாரு?" என்று தமிழ்செல்வன் லேப்டாப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். "தூசி தட்டுனா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்."

கலைமதி சண்டை போடவில்லை. ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு மறுநாள் காலையில் ஆன்லைனில் பதிவு; முந்துகிறவர்களுக்குத்தான் டோக்கன்.

"நம்ம செவலைய நீங்களே இதுல பதிஞ்சிருங்க. நல்லாத்தான ஓடுது," என்றாள், பச்சைப்பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு.

"அதுக்கென்ன, போன்ல கெடந்து தடவுறதுக்கு இதுதான் தோது."

காலையில் குளித்து, திருநீறு பூசி, லேப்டாப்புக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டு உட்கார்ந்தான். பதிவு தொடங்கியது. ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரைந்தது. பிறகு திரை நீலமாகி, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்றது.

"ஏய், இது எப்ப முடியும்?"

"போன தடவை மத்தியானம் ஆச்சு," என்றாள் கலைமதி, கட்டிலில் போனோடு சாய்ந்தபடி.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "மாப்ள, டோக்கன் முடிஞ்சிருச்சாம்ல! ஒனக்குக் கெடைச்சிருச்சா?"

தமிழ்செல்வன் திரையைப் பார்த்தான்; இன்னும் நீலமாகவே இருந்தது. செவலை இல்லாமல் வாடிவாசல் பக்கம் எப்படித் தலைகாட்டுவது? "இந்தா வாரேன் மாமா," என்று சமாளித்துவிட்டுக் கட்டிலருகே போனான்.

"மோசம் போச்சு கலை. செவலை இந்த வருசம் கொட்டகையிலதான்."

"லேப்டாப்ப மாத்திருந்தா?"

"மாத்திருக்கணும்தான். இன்னைக்கே மாத்திருவோம். ஆனா செவலை..."

"வெளியில நிக்கிற மாமாவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"புது லேப்டாப் வாங்கப் போறோம்!" என்று கத்தினான்.

"அதுக்கு ஏண்டா அழுவுற?" என்றார் ஆண்டியப்பன் வெளியிலிருந்து.

கலைமதி போனைத் திருப்பிக் காட்டினாள். செவலையின் படமும் டோக்கன் நம்பரும் பளிச்சென்று இருந்தன. பதிவு தொடங்கிய கையோடு போட்டுவிட்டாளாம்.

"அடிப்பாவி! சொல்லாமலா உக்காந்திருந்த?"

"நீங்க அப்டேட் பாத்துட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

கோபப்பட ஆரம்பித்தவனுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ரகுநாத் கடையில் கலைமதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்று ரகுநாத் கையை நீட்டினார். தமிழ்செல்வன் அது இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அது இருக்கட்டுங்க."

கலைமதி இந்தத் தடவையும் சண்டை போடவில்லை. வண்டியில் வீடு திரும்பும்வரை அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.