எல்லோருக்கும் ஒரே செட்டிங்ஸ்

சொந்தத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008-இல், செங்கல்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், ஆறு மாதப் பயிற்சியின் கடைசி மாதத்தில் அதைச் செய்தேன். மாத முடிவில் நிரந்தர வேலைக்கான கடிதம் வர வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் அப்பா ஏசுபாதமோ, படாளம் காலனியில் ஒரு வீடு விடாமல், "எம் பொண்ணு ஜெனிஃபரு பர்மனென்ட் ஆயிட்ச்சி" என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

"இன்னாம்மா, லெட்டரு வந்துச்சா?" என்று தினமும் கேட்பார். இல்லை என்றால், "வந்துடும், அதான் நான் சொல்லிட்டேன் இல்ல" என்பார். அவர் சொன்னால் கம்பெனி கேட்டுவிடும் பாருங்கள்!

எங்கள் குழுவில் நான்கு பேர். வெளிநாட்டுப் பல் மருத்துவமனை ஒன்றுக்காக, நோயாளிகளுக்குத் தேதி கொடுக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே புரோகிராம், நான்கு விதமான எழுத்து. ஒருவர் வரியை இரண்டு இடம் தள்ளித் தொடங்குவார், இன்னொருவர் மூன்று. எனக்குப் பொறுக்கவில்லை. டீம் லீடர் லக்ஷ்மிநாராயணனிடம் போய், "சார், நாம புரோகிராம் அடிக்கற எடிட்டரோட செட்டிங்ஸை ஒரே ஃபைலா சர்வர்ல போட்டுடலாம். எல்லாருக்கும் அதே வரும். சேவ் பண்ணினா வரியெல்லாம் தானா ஒழுங்காயிடும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பேஷ்" என்றார். பதினொரு வரியில் செட்டிங்ஸ் எழுதி சர்வரில் போட்டேன். நான்கு இடம் தள்ள வேண்டும் என்று நான் போட்டிருந்ததை அவரே எட்டு என்று திருத்தினார். "எனக்கு அப்பதான் தெளிவா தெரியறது." கண்ணாடியை மாற்ற வேண்டிய மனிதர் எங்கள் புரோகிராமை மாற்றினார். நான் பெருமையாக பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை முதலில் வந்தவன் பரணிதரன். கடப்பாக்கத்துக்காரன், என்னைப் போலவே பயிற்சியில் இருந்தவன், நல்லவன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தொழில் கற்றவன். அதனால் எந்த ஃபைலைத் திறந்தாலும், ஒரு எழுத்துகூட அடிக்காவிட்டாலும், சேவ் பண்ணிவிட்டுத்தான் மூடுவான். சாமி கும்பிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி. அன்று புது செட்டிங்ஸ் எப்படி என்று பார்க்க எல்லா ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்தான், ஒவ்வொன்றாக சேவ் பண்ணினான். அத்தனை வரிகளும் எட்டு இடம் தள்ளிப் போய் நின்றன. மொத்தத்தையும் சர்வருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனான்.

ஒரு வரியைக் கடைசியாக யார் தொட்டார்களோ, அவர் பெயரையே அந்த வரிக்குப் போட்டுக்கொள்ளும் எங்கள் சர்வர். அன்று மத்தியானமே லக்ஷ்மிநாராயணன், யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று அதைக் கேட்டார். பரணிதரன் பெயரில் பத்தொன்பதாயிரம் வரி. என் பெயரில் பத்து. அந்தப் பத்தும் செட்டிங்ஸ் ஃபைல். பதினொன்றாவது வரி, எட்டு என்று திருத்திய சார் பெயருக்குப் போய்விட்டது.

"ஆறு மாசமா என்னம்மா பண்ணினே?"

"சார், பாதிக்கு மேல நான் எழுதினது!"

"சர்வர் பொய் சொல்லுமா?"

பரணிதரனே ஓடிவந்தான். "சார், நான் இன்னா பண்ணேன்? சேவ்தான் பண்ணேன். எல்லாம் ஜெனிஃபர் எழுதனது சார்."

லக்ஷ்மிநாராயணன் அவன் தோளைத் தட்டினார். "இந்த அடக்கம்தான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது."

நான்கு நாள் கழித்து, மருத்துவமனையிலிருந்து கோபமாக ஒரு மெயில் வந்தது. எங்கள் புரோகிராம் ஒரு பெரியவரை ஜூன் முப்பத்தொன்றாம் தேதி பல் பிடுங்க வரச் சொல்லியிருந்தது. அந்த வரி யாருடையது என்று பார்த்தார்கள். பரணிதரனுடையது என்றது சர்வர்.

மீட்டிங்கில் அவனை நிற்க வைத்துக் கிழித்தார் லக்ஷ்மிநாராயணன். "நாளைலேர்ந்து வராதே" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லா மாதத்துக்கும் முப்பத்தொரு நாள் போட்டவள் நான். காய்ச்சலோடு எழுதிய நாள்கூட நினைவிருக்கிறது. சொன்னால் கடிதம் போச்சு. சொல்லாவிட்டால் அவன் போவான். எழுந்தேன்.

"சார், அந்தத் தப்பு நான் பண்ணது."

அங்கேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தும் காட்டினேன். லக்ஷ்மிநாராயணன் என்னையே பார்த்தார். பரணிதரனை உட்காரச் சொன்னார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. நிரந்தரம்! நான் படித்து முடிப்பதற்குள் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் போதகரிடம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதைத் தமிழாக்கி வாசித்தார். 'புரோகிராம் எழுதும் திறமை: போதாது' என்ற வரியை மட்டும் நல்ல மனிதர் தாண்டிவிட்டார்.

"சக ஊழியர் செய்த தவறைத் தான் செய்ததாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மைக்காக, இவர் நிரந்தரமாக்கப்படுகிறார்."

போதகர் கடிதத்தை மடித்தார். "பிறர் குற்றத்தைச் சுமந்த நம் சபைப் பிள்ளை!" சபை முழுவதும் ஆமென் என்றது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயோ, அது என் குற்றம்தான் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அப்பா முழங்கையால் இடித்தார். "இன்னாம்மா சும்மா குந்திகினுகீற? ஆமென் சொல்லு."

சொன்னேன்.