ஐந்தாவது கம்பியின் பருமன்

கணவன் இறந்து ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவனுடைய பாஸ் கிடாரின் ஐந்தாவது கம்பி, நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்தாயிற்றா என்று கேட்டது. அவள் அப்போது கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி பட்டுக் கம்பி அதிர்ந்ததும் அவன் குரல் வந்தது. பல் விளக்கிக்கொண்டே பேசுகிற குரல். மறந்துவிட்டேன் என்று பதில் சொல்லி, ஊசி நூலைத் தேடியெடுத்துப் பட்டனைத் தைத்து முடித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

மற்ற நான்கு கம்பிகளிலும் வெறும் சுருதிதான். ஐந்தாவதுதான் இருப்பதிலேயே தடிமனானது, அடிவயிற்றில் ஒலிப்பது. அதன் பருமன் நூற்று முப்பது, அதாவது அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் நூற்று முப்பது கூறு. அவன் முப்பத்து நான்கு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போனவன். கம்பியிலும் அதே வயதுதான் பேசினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பக்கத்து வீட்டில் முதலில் கண்டபடி பேசினார்கள். பிறகு அந்த வீட்டுக்காரரே வந்து, இரவல் வாங்கிய ஏணியை எங்கே வைத்தாய் என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

பாஸ் கம்பிக்கு ஆயுள் நான்கு மாதம். அதன் பிறகு ஒலி மழுங்கிவிடும். கம்பி செத்துப்போச்சு என்பார்கள் வாசிப்பவர்கள். அவனும் நான்காம் மாதம் முணுமுணுக்க ஆரம்பித்தான். கிடார் கடைக்காரர், "நூத்தி இருபத்தஞ்சு போட்டுப் பாருங்க மேடம், விரலுக்கு லேசா இருக்கும்" என்றார். போட்டாள். இருபது வயதுப் பையன் ஒருவன், நீங்க யாரு என்று கேட்டான். அவளைச் சந்திப்பதற்கு ஆறு வருஷம் முந்தையவன். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள், பருமன் குறையக் குறைய வயதும் குறைகிறதா என்று பார்க்க நூற்று இருபது வாங்கிப் போட்டதும், பரீட்சைக்குப் பென்சில் சீவித் தரும்படி எட்டு வயதுக் குரல் அம்மாவைக் கூப்பிட்டது. சமையலறையில் இருந்த மாமியாரின் கையிலிருந்த தட்டு விழுந்தது.

அன்று தொடங்கிய வழக்கு பதினான்கு வருஷம் நடந்தது. மருமகளுக்குப் புருஷன் வேண்டும், மாமியாருக்குப் பிள்ளை வேண்டும். கிடாரில் ஐந்தாவது இடமோ ஒன்றுதான். நான்கு மாதம் தடித்த கம்பி, நான்கு மாதம் சன்னக் கம்பி என்று முறை வைத்துக்கொண்டார்கள். மருமகள் கம்பித் தொழிற்சாலையில் பருமன் சோதிக்கிறவள் என்பதால், எண்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாமியார் கம்பிப் பாக்கெட்டைத் தொட்டதில்லை. அவளுக்குச் சன்னமானது 'என் கம்பி', மற்றது 'உன் கம்பி', அவ்வளவுதான்.

இதற்கிடையில் மருமகளுக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. அவன் முப்பத்து நான்கிலேயே நின்றான். வாசிக்கும்போது கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் அவளுக்கு வந்தது. கடையில் நூற்று முப்பத்தைந்தும் இருந்தது. அதில் அவன் வயதானவனாக இருப்பானா, இல்லை, வாழாத வயதுக்குக் குரலே கிடையாதா? போட்டுப் பார்த்து மௌனம் வந்தால், அவன் முடிந்துபோனவன் என்பது உறுதியாகிவிடும். அந்தப் பயத்தில் அவள் அந்தப் பாக்கெட் பக்கம் திரும்பவே இல்லை.

மாமியாருக்கு வேறொரு ஏக்கம். அவள் நர்ஸாக இருந்தவள். பிள்ளை மழலை பேசிய காலமெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கழிந்தது. முதல் வார்த்தையைக் கேட்டது பக்கத்து வீட்டுக்காரி. எட்டு வயதுக் குரல் எப்போது பார்த்தாலும் விளையாடப் போக அவசரப்பட்டது. இன்னும் சன்னமாக ஒன்று கிடைத்தால் மூன்று வயது வரும், மடியில் உட்காரும் வயது. எழுபத்திரண்டு வயதில் இதற்கு மேல் எதற்குக் காத்திருப்பது? தன் முறை வந்ததும், மருமகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஐந்து கிலோ கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

"இருக்கிறதுலயே பெரிய நம்பர் குடுப்பா."

"பெரிசு போட்டா கம்பி உக்கார்ற பள்ளத்தை ராவணுமேம்மா."

"ராவிக்கோ. எனக்குத் தெரியாததா, முப்பது வருஷம் இதைத்தானே பாத்தேன்."

அவள் முப்பது வருஷம் பார்த்தது ஊசியை. ஊசியில் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். குழந்தைக்குப் பெரிய எண், ரத்தம் ஏற்றச் சின்ன எண். கம்பிக்கணக்கு நேர் எதிர் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கடைக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் நூற்று முப்பத்தைந்தை மாட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மடியில் வைத்து, மெல்லத் தட்டினாள். முதலில் ஓர் இருமல் வந்தது. அப்புறம் அறுபது வயதுக் கிழவனின் கரகரத்த குரல், அவ வேலையிலருந்து வந்துட்டாளா என்று கேட்டது. மாமியார் கிடாரைக் கீழே வைக்கவில்லை. இன்னும் வரலைப்பா என்றாள். தன்னைவிடப் பன்னிரண்டே வயது இளையவனான மகனோடு, மூட்டுவலியைப் பற்றியும் தூக்கமின்மையைப் பற்றியும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

மருமகள் வந்ததும் மாமியார், "நம்பர் தப்பா வாங்கிட்டேன்" என்றாள்.

மருமகள் கம்பியைப் பார்த்த பார்வையிலேயே பருமன் தெரிந்துவிட்டது. அவள் வாசலிலேயே நின்றாள். "கழட்டிடலாம் அத்தை. இது உங்க முறை."

"வேண்டாம். வந்ததுலருந்து உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கான்." பிறகு மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பெத்தது அறுபது வரைக்கும் போயிருக்குதும்மா. எனக்கு இது போதும்."

அதற்குப் பிறகு மாமியார் தன் முறையைக் கேட்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து அவள் இறந்தபோது, மகன் மூன்று நாள் இருமல்கூட இல்லாமல் இருந்தான். கடைக்காரர் நான்கு மாதத்துக்கு ஒரு நூற்று முப்பத்தைந்தைத் தனியாக எடுத்துவைத்து அனுப்புகிறார். மருமகளுக்கு இப்போது ஐம்பத்தாறு. அவனை எட்டிப்பிடிக்க இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறாள். அந்தக் கம்பி வந்த முதல் நாள் மாலை அவள் உட்கார்ந்து ஒருமுறை மீட்டியபோது அவன் கேட்டது, என் கண்ணாடியைப் பாத்தியா என்றுதான். உயிரோடு இருந்தவரை அவன் கண்ணாடி போட்டதில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், கறுப்புச் சட்டம் போட்ட ஒன்றை வாங்கிவந்து கிடாருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அவன் கேட்கவில்லை.