வெள்ளையாகாத கண்ணாடி

…நின்றுவிடாதா, ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் இந்தச் சாரல் விட்டு வெயில் அடித்தால் போதுமே, குற்றாலத்தில் வந்து இப்படி வேண்டிக்கொள்கிற பாவி கிருபா ஒருத்தியாகத்தான் இருப்பாள், காலையில் பெரியப்பா ஞானதுரைகூடச் சொல்லிவிட்டார், "ஏட்டி, இத வெளிய சொல்லிராத, லாட்ஜ்காரன் பூராவும் அடிக்க வருவான்," அவருக்கென்ன, அறையெல்லாம் நிறைந்துவிட்டது, அவருடைய லாட்ஜின் மாடி ஜன்னல் ஒன்றில்தான் அவள் தன் ஆறு வருஷ ஆராய்ச்சியை மாட்டியிருக்கிறாள், இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு ஜெல், குளிர்ந்திருந்தால் தண்ணீர்போலத் தெளிவு, முப்பது டிகிரி தாண்டினால் பாலாகி வெயிலை மறித்துவிடும், சித்திரையில் எப்படி வெள்ளையானது! மூன்றே நாள், அப்புறம் ஓரத்துப் பசை விட்டு ஜெல் காய்ந்துபோயிற்று, மறுபடி செய்து மாட்டுவதற்குள் ஆனி வந்துவிட்டது, வெயிலுக்கான கண்ணாடியை எந்தக் கிறுக்கியாவது சீசன் நேரத்தில் குற்றாலத்தில் மாட்டுவாளா… வாடகை கேட்காத ஜன்னல் வேறு எங்கே கிடைக்கும்?

பன்னிரண்டு மணிக்குக் கைடு பார்வதியம்மாள் வருகிறார், இந்த மாதத்தோடு ஓய்வு, கண்ணால் பார்த்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து, இல்லையென்றால் வேறொருவரிடம் முதலிலிருந்து… முப்பத்திரண்டு வயதில் முதலிலிருந்தா? தெர்மாமீட்டர் இருபத்தைந்தை விட்டு அசையவில்லை, உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், சித்திரையில் ஐந்து விரலும் பதியும், இது விடியலிலிருந்து ஈரத்தில் நின்ற கை, அதிலும் சூடில்லை, கீசரைப் போட்டு ஒரு வாளி வெந்நீர் பிடித்து ஆவி காட்டினால் என்ன, யாருக்குத் தெரியும், சீ, அப்படியெல்லாம்… போன் அடித்தது, மேடம்தான். "தென்காசி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன் கிருபா, இங்க மழை சாத்துது, முட்டுவலியோட பஸ் ஏற முடியல. அங்கன வெயில் அடிக்கா? கண்ணாடி வெள்ளையாயிட்டா?"

"ஆயிட்டு மேடம்."

யார் சொன்னது? அவளா?

"அப்ப நான் எதுக்கு நனையணும்? உன்ன எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டுருதேன்."

வைத்துவிட்டார். அவ்வளவுதானா, ஆறு வருஷம் முடிந்துவிட்டதா, சந்தோஷம் வர வேண்டுமே, ஏன் வரவில்லை, அருவிக்குத் துண்டோடு போகிறவர்கள் கண்ணாடி வழியே ஒவ்வொரு முகமாகத் துலக்கமாகத் தெரிந்தார்கள், திரும்பக் கூப்பிட்டு இல்லை மேடம் என்று சொல்லிவிடலாமா… சொல்லமாட்டாள், அது அவளுக்கே தெரிந்துவிட்டது. முகமெல்லாம் கொதித்தது, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து வெகுநேரம் நின்றாள், எடுத்தபோது அந்த இடத்தில் மட்டும், நெற்றி அகலத்துக்கு, வெள்ளை. மேடம் பார்க்க வேண்டியது இதுதானே, இதை இனி யாரிடம் காட்டுவது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் ஓரத்திலிருந்து அது தெளியத் தொடங்கியிருந்தது.