மண் பிடித்த ஆம்பளைகள்

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆம்பளைகள் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது கொரோனா ஊரடங்கு முடிந்த மறுவருஷம், பூண்டு நடவு நடந்துகொண்டிருந்த மாசத்தில். முதல் ஆள் சேனாதிபதி. பூண்டுப்பல் ஊன்றுகிற பெண்களை வரப்பில் நின்று ஏவிக்கொண்டிருந்தவர், டீ குடிக்கப் போகலாம் என்று திரும்பினார். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கணுக்கால்வரை மண். இடுப்பில் கயிறு கட்டி ஜீப்பை வைத்து இழுத்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் டிரைவரே வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டான். மண்ணை விலக்கிப் பார்த்ததில் உள்ளங்காலிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர், கொத்தாக, பூண்டுக்கு இருப்பது மாதிரியே. மறுபடி மண்ணை மூடிவிட்டு, குளிருக்குத் தலையில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அந்த வருஷம் மழை காலம் தப்பாமல் பெய்தது. மலைப்பூண்டுக்கு நல்ல விலையும் கிடைத்தது.

தை பிறக்குமுன்னே ஊரில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஐம்பதுக்குள் இருந்தவர் முழங்கால்வரை, அறுபதைத் தொட்டவர் இடுப்புவரை. எழுபதுக்கு மேற்பட்ட கிழவர்களை மண் சீண்டவே இல்லை. அவர்கள் முன்போலவே தடியை ஊன்றிக்கொண்டு கோயில் வாசலில் வெயில் காய்ந்தார்கள். பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கூலிக்கு வந்திருந்த ஆம்பளைகள் அதே மண்ணில், அதே வயதில், கால் வீசி நடந்தார்கள். வில்பட்டியில் செருப்பு மட்டும் ஒட்டியது. அங்கே ஆண்கள் பாதி நாள் கொடைக்கானல் ஓட்டல்களில் டைல்ஸ் தரையில் நிற்கிறவர்கள் என்று காரணம் சொன்னார்கள். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் யாருக்கும் எதுவும் இல்லை. அங்கிருந்த பண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனார்கள். மண்ணில் குறையொன்றும் இல்லை, கொஞ்சம் சுண்ணாம்பு போடலாம் என்று பதில் வந்தது.

பழக்கமாவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. வெள்ளனே ஒரு தூக்கில் கஞ்சி, மத்தியானம் சோறு, மழைக்குத் தார்ப்பாய், செல்போனுக்கு பவர் பேங்க். நின்ற இடத்தில் நின்றபடி ஆண்கள் அரசியல் பேசினார்கள், படிப்படியாக வெட்டின மலைநிலத்தில் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குக் கத்தி வைதுகொண்டார்கள், காட்டுமாடு இறங்கினால் கூப்பாடு போட்டு விரட்டினார்கள். பெண்கள் ஜீப் ஓட்டக் கற்றார்கள், மூட்டையைத் தாங்களே மண்டிக்குக் கொண்டுபோனார்கள். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவள் ஒருத்தி, சோற்றுத் தட்டை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்து ஒரு கம்பால் தள்ளிவிடப் பழகினாள். அவள் முகம் தெளிந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை.

சேனாதிபதியின் பெண்சாதி ராக்காயி மட்டும்தான் வெளிப்படையாகப் பேசினாள். “முப்பது வருஷமா வரப்புல நின்னு ஏவுனாரு. இப்ப அதே சோலியத்தான் நெரந்தரமாப் பாக்குறாரு. இதுல அழுறதுக்கு என்ன கெடக்கு?” என்றாள்.

கொடைக்கானல் பஜாரில் பூண்டு வாங்குகிற சுல்தான் பாய், மூட்டை இறக்க வந்த அவளைச் சீண்டிப் பார்த்தார். “என்னம்மா, ஆம்பளைகள வெதச்சு என்ன மகசூல் எடுக்கப்போறீங்க?”

“ஒண்ணும் மொளைக்கல பாய். அழுகாம நின்னாலே லாபந்தான்.”

“நானும் மலையில பொறந்தவந்தான், அம்பது தாண்டிருச்சு. என்னைய ஏன் ஒண்ணும் பண்ணல?”

“நீங்க எங்க மண்ணுல நின்னீங்க? கல்லாவுலல்ல ஒக்காந்திருக்கீங்க.”

வரப்பில் நின்று ஏவினதைப் பற்றி ராக்காயி சொன்னதைத்தான் அதே ஊர் சண்முகசுந்தரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நின்று ஏவுகிறவன் கால்தான் இறங்கும், குனிந்து வேலை பார்க்கிறவன் கால் இறங்காது. அப்படியானால் அவள் புருஷன் பொன்னுவேலுக்குப் பயமில்லை. அவன் வரப்பில் நின்ற ஆள் கிடையாது. மண் கொத்துவான், பாத்தி பிடிப்பான், ஈரச் சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு தட்டுத் தட்டாக மேலே ரோட்டுக்கு ஏறுவான். பூண்டுப்பல் ஊன்றுவது ஒன்றை மட்டும் செய்யமாட்டான். அது அந்த மலையில் பெண்கள் சோலி, ஆண் கை பட்டால் பல் தலைகீழாய் முளைக்கும் என்பார்கள். ஆனாலும் சண்முகசுந்தரிக்கு நெஞ்சுக்குள் ஒரு பூண்டுப்பல் நெருடிக்கொண்டே இருந்தது. அவன் பீடி பற்றவைக்க நின்றால், “நடந்துக்கிட்டே குடிங்க” என்பாள். ஒன்றுக்குப் போனால்கூட வெரசா வாங்க என்று குரல் கொடுப்பாள். கட்டிலை வாங்கிப் போட்டு அவன் கால் தரையில் படாமல் படுக்க வைத்தாள். தினமும் பொழுது சாய அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பாத வெடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அவனுக்குக் கூச்சம். “லாடம் அடிக்கப்போறியா புள்ள?” என்று காலை இழுத்துக்கொள்வான்.

அவளுக்கு இன்னொரு தெம்பும் இருந்தது. ரேஷன் கார்டுப்படி பொன்னுவேலுக்கு நாற்பத்தொன்றுதான். இன்னும் சில வருஷம் கிடக்கிறது, அதற்குள் மகள் சண்முகப்பிரியா திண்டுக்கல்லில் நர்சிங் முடித்துவிடுவாள், அப்புறம் என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அங்கேதான் தப்பு பண்ணிவிட்டாள். அந்த மலையில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு வயசு உண்டு. பனி கொட்டி உருளைக்கிழங்கு மொத்தமும் கருகின வருஷம் பிறந்தான் என்று அம்மா சொல்லுவாள். பள்ளிக்கூடத்து வாத்தியார், பின்னால் வேலைக்குப் போனால் உதவும் என்று நாலைந்து வருஷத்தைக் குறைத்து, ஜூன் மாசத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பழனி அடிவாரத்தில் கடைக்காரர் வீட்டில் பிறந்த சண்முகசுந்தரிக்கு ஒரே வயசுதான். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். மண் பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை.

மாசியில் ஒருநாள் காலையில், முதுகில் மூட்டையோடு தட்டு ஏறிக்கொண்டிருந்த பொன்னுவேல், தலைத்துண்டு கண்ணில் விழுந்ததைச் சரிசெய்ய ஒரு நொடி நின்றான். வலது குதிகால் பிடித்துக்கொண்டது. அவன் கூப்பிடவில்லை. பின்னால் வந்த சண்முகசுந்தரிதான் பார்த்தாள். மூட்டையை உருட்டித் தள்ளிவிட்டு, அவன் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். துணி கிழிகிற சத்தத்தோடு கால் வந்தது. குதிகாலில் வெள்ளை இழைகள். வீட்டுக்குக் கூட்டிவந்து, பூண்டுக்கு வேர் நறுக்குகிற அரிவாளால் ஒட்ட நறுக்கி மஞ்சள் வைத்தாள். மறுநாள் விடிந்தபோது விரல் நீளத்துக்கு மறுபடி வளர்ந்திருந்தது, இப்போது இரண்டு காலிலும். அவள் அழவில்லை. இரண்டு சேலை, அவனுக்கு ஒரு வேட்டி, ஒரு கம்பளியைப் பைக்குள் திணித்துக்கொண்டு பழனி பஸ்ஸைப் பிடித்தாள்.

“என்ன புள்ள, கீழ கொண்டுபோயி காயப்போடப் போறியா?” என்றான் பொன்னுவேல்.

“ஆமா. காஞ்சாலும் நடமாடுவீங்கல்ல.”

பழனியில் அவள் தம்பி ஜெயமுருகன் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தான். மச்சானைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான். கீழே வந்ததும் வேர்கள் கறுத்துத் தானே உதிர்ந்துபோயின. பொன்னுவேல் கிரிவீதியைச் சுற்றி நடந்தான், மொட்டை போட்ட கூட்டத்தோடு கூட்டமாய் நின்றான், நின்ற இடத்திலிருந்து சுலபமாக நகர்ந்தான். சண்முகசுந்தரிக்குப் போன உயிர் வந்தது. மலையேறிய நாளிலிருந்து குளிரில் குடைந்துகொண்டிருந்த அவள் முழங்கால் வலியும் பழனி வெக்கையில் கரைந்துபோயிற்று. பச்சைத் தண்ணீரில் குளித்தாள். கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் தனக்கு எவ்வளவு குளிர்ந்தது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இங்கேயே ஒரு சின்னக் கடை பார்த்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

பங்குனி பிறந்ததும் பொன்னுவேல் காய ஆரம்பித்தான். முதலில் புறங்கையில் தோல் காகிதம்போல எழும்பியது, ஊதினால் பறந்தது. திரும்பிப் படுத்தால் சருகு சத்தம் கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் உடம்பில் பூண்டு வாசம் போகவில்லை. பஞ்சாமிர்தம் வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். டாக்டர் ரத்தம் எடுக்க ஊசி போட்டார், ரத்தம் வந்தது, எல்லாம் நார்மல் என்று சொன்னார். அந்த வாரமே கடை ஃபேனைக் கூட்டி வைத்தபோது அந்தக் காற்றில் பொன்னுவேல் ஸ்டூலோடு கொஞ்சம் தள்ளிப் போனான். ஜெயமுருகன் ஃபேனை அணைத்தான். பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டு, “மச்சான் கையப் பிடிச்சா ஒண்ணுமே தெரியலக்கா. வெறுங்கூடு மாதிரி இருக்காரு” என்றான்.

கீழே இருந்தால் காய்ந்து போவான், மேலே போனால் மண் பிடித்துக்கொள்ளும். பொன்னுவேல்தான் பேச்சை எடுத்தான்.

“நீ இங்கன இரு. ஒனக்கு ஒடம்பு நல்லாருக்கு, நானும் பாக்குறேன். என்னைய மட்டும் பஸ்சுல ஏத்திவிடு.”

“ஏத்திவிடுறேன். ஜன்னல் தொறந்திருந்தா எந்த ஊர்ல போயி விழுவீங்க?”

“கண்டக்டர் பாத்துக்கிருவாரு.”

“அந்தாளு சில்லறையவே ஒழுங்காப் பாக்க மாட்டாரு.”

முடிவு அவ்வளவுதான். அவனைக் கம்பளியில் சுற்றி, பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினாள். பஸ்ஸில் யாரையும் ஜன்னலைத் திறக்க விடவில்லை. மலைப்பாதையில் சவரிக்காடு தாண்டும்வரை மடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அதற்குமேல் ஒவ்வொரு வளைவுக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தான். பெருமாள்மலையில் பசிக்கிறது என்றான். ஒரு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தாள், தின்றான். கொடைக்கானலில் பஸ் மாறி உட்கார்ந்தபோது பாதி ஆள் கனம் வந்திருந்தான். பூம்பாறை வரும்போது அவளுடைய இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன, முழங்கால் வலியும் திரும்பி வந்திருந்தது.

மற்ற ஆண்களை மண் பிடித்தது அவரவர் நின்ற இடத்தில், நின்ற கோலத்தில். ஒருத்தர் கக்கூஸ் சுவரைப் பார்த்து நின்றார். ஒருத்தர் பாதி ரோட்டில் நின்றதால் பஸ் ஒதுங்கிப் போகவேண்டியிருந்தது. தன் புருஷனை அப்படி விடுவதில்லை என்று சண்முகசுந்தரி பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தாள். கால் தரையில் படாமல் கட்டிலில் உட்காரவைத்து, எங்கே வேண்டும் என்று கேட்டாள்.

“மேத்தட்டுல. எங்கப்பா நெலம். அங்கேருந்து பாத்தா மொத்த வெள்ளாமையும் தெரியும்.”

“தெரியும். மூணு வேளையும் தூக்கோட அதுவரைக்கும் ஏறுறது யாரு?”

பொன்னுவேல் அவள் முழங்காலைப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தட்டில் அவள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். அவனும் ஏறியிருக்கிறான், மூட்டையோடு. அவள் எப்படி ஏறினாள் என்று மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை.

“கீழ்த்தட்டு போதும்,” என்றாள் அவள். “வீட்டுக் கதவு பக்கம். குழாயடியும் பக்கத்துலதான். பேச்சுக்கு ஆள் இருக்கும்.”

“பொம்பளைக பேச்சா?”

“கேட்டுத்தான் பாருங்களேன்.”

ராக்காயி வந்து இடத்தைப் பார்த்தாள். பள்ளத்தில் வேண்டாம், தண்ணி தேங்கினால் அழுகிவிடும், ஒரு சாண் மேடு கட்டு என்றாள். இருவரும் சேர்ந்து மண்ணைக் கொத்தி இளக்கினார்கள், மட்கின சாணியும் சாம்பலும் கலந்தார்கள், நல்ல பாத்திக்குப் பண்ணுவதையெல்லாம் பண்ணினார்கள். பிறகு இரண்டு பேரும் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று ராக்காயி கேட்டாள். பொன்னுவேல் மலைப்பக்கம் என்றான். சண்முகசுந்தரி அவன் இடுப்பைப் பிடித்து, தான் வேலை செய்கிற பாத்திகளைப் பார்க்கும்படி திருப்பினாள். அவன் கால் மண்ணைத் தொட்டதும் ஒரு நீண்ட மூச்சு விட்டான். வலிக்குதா என்று கேட்டாள். இல்லை, சுடுதண்ணியில் கால் வைத்த மாதிரி இருக்கிறது என்றான். பொழுது சாய்வதற்குள் கணுக்கால் மறைந்தது, முகத்தில் ரத்தம் வந்தது, எழும்பியிருந்த தோலெல்லாம் அடங்கியது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

வைகாசியில் அவன் இறங்கியது முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்குமேல் இறங்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் சண்முகசுந்தரி களைக்கொத்தோடு வீட்டை ஒட்டின பாத்தியில் தொடங்கி வரிசையாக வந்துகொண்டிருந்தாள். பொன்னுவேல் குழாயடியில் கேட்ட சங்கதி ஒன்றை, யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை, விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ம் கொட்டிக்கொண்டே அவன் நின்ற இடத்துக்கு வந்தாள். அவன் காலைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. வேரில் பட்டுவிடாமல் கையாலேயே பிடுங்கி எறிந்தாள், இரண்டு கை மண்ணை அள்ளி முழங்காலோடு அணைத்தாள்.

“கொஞ்சம் கைய ஒசத்துங்க, பயிருக்கு வெயில மறைக்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.