கதவுக்கு முந்திய வேட்டி

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. தூத்துக்குடி போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பந்தல்குடியில் ஒரு லாரி குறுக்கே நின்றதால் பஸ்ஸும் நின்றது. பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ. அதன் பின்பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஒரு பிளாஸ்டிக் கதவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். காற்று கதவைத் தள்ளியது, கதவு அவரைத் தள்ளியது, அவர் திருப்பித் தள்ளினார். முகத்தில் அப்படியொரு கோபம். யார் மேல் என்று தெரிவதற்குள் லாரி விலகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. பூச்சு இன்னும் காயவில்லை, சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை காணாத கரிசல் பூமியில், வேலிக்கருவையின் சொற்ப நிழலில்..." எங்கள் பக்கத்துக் கதை என்றால் பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு நிழல் தேவைப்படவில்லை, மறைவுதான் தேவைப்பட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வீடு என்பது வெறும் செங்கல் அல்ல, அது ஒரு..." எனக்கே தூக்கம் வந்தது.

மூன்றாவது: "புது வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து முருகலட்சுமியின் குடும்பத்தில் எல்லோருக்கும் இருமல்." இது இருக்கட்டும். கதவு இல்லாத குளியலறைப் பக்கம் போகிறவர்கள் முதலில் இரும வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதில் இருமல் வரும்.

3

முருகலட்சுமியின் கணவர் பொன்ராஜுக்கு அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை. திருச்சுழி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் வீடு கட்டினார். ஒரே மகள் பிரவீணாவை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இது தலைப்பிரசவம்.

வைகாசியில் பால் காய்ச்சாவிட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிதான். ஆவணியிலோ மகள் பேறுகாலத்துக்கு வந்துவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சி தங்குகிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரைத் துளைக்கக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதனால் வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் அரைகுறை வீட்டில் பால் பொங்கியது.

அரைகுறை என்றால் எல்லாம் அல்ல. வாசலில் கிரானைட் கல்லில் 'பிரவீணா இல்லம்' இருந்தது. கேட்டில் தங்க நிற வேல்கள் இருந்தன. முன்பக்கம் நிறம் மாறும் விளக்குகூட எரிந்தது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தேவையானது எல்லாம் முடிந்திருந்தது. குளியலறைக்குக் கதவுதான் இல்லை.

கதவுக்குப் பதில், பால்காய்ச்சுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரைத் தொங்கவிட்டார்கள். அதில் பொன்ராஜ் கைகூப்பி 'வருக வருக' என்று நிற்கிறார். படம் வெளிப்பக்கம் இருந்தால் போகிறவர் வருகிறவரையெல்லாம் குளிக்க அழைக்கிறார். உள்பக்கம் திருப்பினால் குளிக்கிற முருகலட்சுமியைக் கும்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கும்பிட்டதில்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.*

* பேனரை நான் கூட்டிச் சொல்கிறேன் என்பவர்கள் தங்கள் தெருவிலுள்ள புது வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். இருமிவிட்டுப் போங்கள்.

4

கதவு, ஜன்னல் நிறுத்துவது வரை மொத்தமும் கொத்தனார் மாரிக்கண்ணனின் பொறுப்பு. அவர் வகையறாவில் ஒரு முறை உண்டு. வேலை முழுதும் முடிந்த பிறகு வீட்டுக்காரர் மரியாதையாக வேட்டி துண்டு கொடுப்பார். வாங்கிக்கொண்டால் கொத்தனார் அந்த வீட்டுக்கு விருந்தாளி. பிறகு அங்கே கொத்துக்கரண்டியைத் தொட்டால் வீட்டுக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது.

பால்காய்ச்சு அன்று கூடம் நிறைய ஆட்கள். பொன்ராஜ் தாம்பாளத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, பாத்ரூம் கதவு இன்னும் நிறுத்தலையே. அத முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்" என்றார் மாரிக்கண்ணன்.

"ஏப்பா, வீடியோக்காரர் நிக்காரு. சபையில வச்சு மறுக்காத."

மறுக்கவில்லை. வீடியோவில் இருவரும் நன்றாகவே விழுந்திருக்கிறார்கள்.

மற்ற வேலைக்காரர்கள் தொடர்ந்து வந்தார்கள். வராத நாளைவிட வந்த நாள்தான் முருகலட்சுமிக்குக் கஷ்டம். பெயிண்டர் நாகராஜின் ஏணிக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் கொடுத்த கனெக்‌ஷனில், சமையலறை விளக்கைப் போட்டால் வாசல் மணி அடித்தது. கதவை மட்டும் யாரும் தொடவில்லை. "மாரிக்கண்ணன் அண்ணே மரியாத வாங்குன வீடுக்கா. அவுக வேலையில நான் கை வச்சா, நாளைக்கு என்னைய எவன் கூப்பிடுவான்?" என்றார் நாகராஜ்.

மாரிக்கண்ணன் தினமும் காலையில் வந்தார். அதே வேட்டியில், விருந்தாளியாக. காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா?

"மனசு கேக்கல மதினி. உப்புத் தண்ணி பட்டு பேனர்ல அண்ணாச்சி முகம் வெளிறிப்போச்சு பாருங்க."

"அவுக முகத்த விடுங்க. பிள்ள வர்ற நேரம். கதவ நிறுத்திக் குடுங்க."

"மரியாத வாங்கிட்டேனே."

"அந்த வேட்டியத் திருப்பிக் குடுத்துருங்க. நான் வாங்கிக்கிறேன்."

"குடுத்துருவேன் மதினி. நனைச்சுக் கட்டிட்டேனே, கட்டுன துணியத் திருப்பிக் குடுக்கலாமா?"

சீனி கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார்.

5

இந்த இடத்தில் மாரிக்கண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். "அவர் கண்களில் ஒரு குரூரமான..." என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்தக் கண்ணில் குரூரம் இல்லை, காப்பி ஆறிவிடுமோ என்ற கவலைதான் இருந்தது. பொன்ராஜை வில்லனாக்கலாம் என்றால், அவர் கடைக்குப் போய்விடுகிறார்.

சம்பந்தியம்மா சுபத்ரா போன் செய்தார்.

"வெள்ளிக்கிழம நானே பிள்ளையக் கொண்டாந்து விடுறேன் மதினி. பாத்ரூம் வேல முடிஞ்சிருச்சுல்ல? முடியலன்னா சொல்லுங்க, தப்பில்ல. பேறுகாலத்த இங்கயே பாத்துக்கிறோம்."

தப்பில்லை என்பதை அவர் சொன்ன விதமே முருகலட்சுமிக்குப் போதுமாக இருந்தது. மகளைக் கொண்டுவருவது சாக்கு, குளியலறையைப் பார்ப்பதுதான் காரியம் என்று அவளுக்கா தெரியாது? இந்த வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மகள் வந்து படுக்க ஓர் அறை. அந்த அறைக்குப் பக்கத்தில்தான் இந்தப் பேனர். பேரப்பிள்ளையின் முதல் அழுகை வேறொருத்தி வீட்டில் கேட்கும் என்று நினைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை. கதவு இல்லாத இடத்தில் அழுவதும் சிரமம். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பேனரில் கணவர் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துப் பந்தல்குடிக்குக் கதவு வாங்கப் போனாள். அப்போதுதான் நான் அவளைப் பார்த்தது.

6

கதவுக் கடைக்காரர் டிரில்லிங் மிஷினையும் இரவல் கொடுத்து, எங்கெங்கே துளை போட வேண்டும் என்று குறித்தும் விட்டிருந்தார். ஓர் ஆள் கதவைப் பிடிக்க வேண்டும், ஓர் ஆள் துளை போட வேண்டும். பேனரைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள் முருகலட்சுமி. ஆட்டோக்காரர் கதவை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாகராஜைக் காணோம். கூடத்தில் மாரிக்கண்ணன் காப்பியோடு இருக்கிறார். சம்பந்தியை வரவேற்கத் தேய்த்த சட்டையோடு கேட்டில் நிற்கிறார் பொன்ராஜ்.

முடிவு அ: பொன்ராஜ் ஓடிவந்து கதவைப் பிடிக்கிறார். (சட்டை அழுக்காகிவிடும் என்கிறார். நம்ப முடிகிற முடிவாக இல்லை.)

முடிவு ஆ: மாரிக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுகிறார். (எழுந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். கதவைப் பிடிப்பதும் வேலைக் கணக்கில் சேருமா என்று யோசித்தார். டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.)

முடிவு இ: தோளால் கதவை முட்டுக்கொடுத்துத் தானே துளையும் போட்டு முடிக்கிறாள் முருகலட்சுமி. பத்திரிகை ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். செய்து பாருங்கள், கதவு காலில் விழும்.

7

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு ஒரு வாசகர் வட்டம் ஏற்கெனவே பரிசு கொடுத்துவிட்டது. அப்போது மூன்றாம் பகுதி வரைதான் எழுதியிருந்தேன். முடிவு இன்னும் வரவில்லை என்றேன். "மண்டபம் அன்னைக்குத்தான் சார் கிடைக்குது. சபையில வச்சு மறுக்காதீக" என்றார்கள். பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். வீடியோவில் நானும் நன்றாகவே விழுந்திருக்கிறேன்.

அதிலிருந்து தினமும் காலையில் இந்தக் கதைக்கு வருகிறேன். சுற்றிப் பார்க்கிறேன். இரண்டாம் பகுதியில் பூச்சு சரியில்லை என்று வருத்தப்படுகிறேன். காப்பி குடித்துவிட்டுப் போகிறேன்.

வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. பிரவீணா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறாள். பின்னால் சுபத்ரா, கழுத்தை நீட்டி வீட்டுக்குள் பார்க்கிறார். மகள் படி தாண்டிவிட்டால் இந்த வீட்டில் இனித் துளை போட முடியாது.

முருகலட்சுமி மிஷினைத் தூக்கிவிட்டாள். கதவு அவள் மேல் சாய்கிறது. அவள் மாரிக்கண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இதுவரை யாரும் எந்த மரியாதையும் செய்யாத உங்களைப் பார்க்கிறாள்.

"வாசிச்சது போதும். வந்து இந்தக் கதவப் பிடிங்க."