குடுவைக்குப் போட்ட போர்வை

"மூணாவது தடவை குழாய் விரிசல் விட்டா நீ வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் இன்ஜினியர், வேலையாட்கள் மூன்று பேர் காதிலும் விழும்படி. குழாய் மாட்டும் ஃபிட்டரான அவளுக்கு அவர் அக்கா புருஷன். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "இங்க நான் சார். அத்தான்னு வாய் தவறிக்கூட வரக்கூடாது," என்று சொல்லிவைத்த உத்தமர்.

திரவ நைட்ரஜனை அழுத்தித் தள்ளும் பம்ப் அது. பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வருகிற ரகம். ஒவ்வொரு உதைக்கும் குழாய் அதிரும். அந்த உதையை வாங்கிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஒரு உலோகக் குடுவை நிற்கிறது. அடியில் திரவம், தலையில் வாயு. வாயு மெத்தையாக அமுங்கிக்கொடுக்கும். மற்ற பம்புகளில் இதற்கு ரப்பர் பை வைப்பார்கள். திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் ரப்பர் கண்ணாடியாக உடைந்துவிடும்.

ஐந்து வருடம் ஒழுங்காக இருந்த குழாய் இரண்டு வாரமாகப் பேயாட்டம் ஆடியது. அழுத்தமானியின் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெல்டிங் இரண்டு தடவை விரிசல் விட்டது. பழி குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புகள் மேல், அதாவது அவற்றை மாட்டியவள் மேல்.

இரண்டு வாரம் முன்புதான் இன்ஜினியர் அந்தக் குடுவையைத் தலைமுதல் கால்வரை பஞ்சும் தகடும் வைத்து மூடினார். குளிர் வீணாகிறதாம், பார்க்கவும் அசிங்கமாம்.

"தலையை விட்டுடுங்க சார். வெளிச்சூடு பட்டாத்தான் உள்ள வாயு நிக்கும். மூடினா குளிர்ந்து திரவமாயிடும்," என்று அவள் அன்றே சொன்னாள்.

"படிச்சது நீயா நானா?"

இந்தச் சம்பளத்தை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை, அது அவருக்கும் தெரியும்.

இன்று முதலாளி வருகிறார். அவரை அழைத்துவர இன்ஜினியர் ஸ்டேஷனுக்குப் போன சமயம் பார்த்து, கத்தியை எடுத்துக் குடுவையின் தலைப் போர்வையைக் கிழித்து இறக்கினாள். அரைமணி சூடுபட விட்டு, பம்பை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் குழாயின் அதிர்வு அடங்கியது. முள் மெல்ல ஆடி நின்றது.

இருவரும் உள்ளே வந்தார்கள். இன்ஜினியர் முள்ளைப் பார்த்தார், தரையில் கிடந்த தகட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அவள் கவனித்தாள்.

"கிளாம்பு கோளாறு சார். இப்பத்தான் நான் சொன்ன மாதிரி மாட்டியிருக்கா," என்றார் முதலாளியிடம். "ஆனா இவளை இனிமே வெச்சுக்க முடியாது."

அவள் குனிந்து தகட்டை எடுத்தாள்.

"சரி, போறதுக்கு முன்னாடி இதை மறுபடி போர்த்திட்டுப் போறேன் அத்தான்."

"வேண்டாம்," என்று தடுத்தார் இன்ஜினியர்.

"ஏன் வேண்டாம்?" என்றார் முதலாளி.

இன்ஜினியர் அவள் கையிலிருந்த தகட்டைப் பிடித்துக்கொண்டார். "அது... மூடினா உள்ள வாயு நிக்காது சார். குழாய் ஆடும்."

"அப்ப மூடினது யாரு?"

அவர் எதையோ முணுமுணுத்தார்.

"பம்பு சத்தத்துல கேக்கல. சத்தமா சொல்லுங்க," என்றார் முதலாளி.

"நான்தான் சார்," என்றார் அத்தான், வேலையாட்கள் மூன்று பேர் காதிலும் விழும்படி.