மாப்பிள்ளை காருக்கு ஒரு கன்வெர்ட்டர்

எங்கள் திறந்த கார் மாப்பிள்ளை அழைப்புக்கென்றே இருக்கிறது. அறுபது வருஷப் பழைய அமெரிக்க வண்டி. நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஸ்டியரிங் என் கையில், ஸ்பேனர் என் வீட்டுக்காரர் முத்துக்குமார் கையில்.

போன மாதம் அதன் டார்க் கன்வெர்ட்டர் போய்விட்டது. கிளட்ச் இல்லாத வண்டியில் இன்ஜினின் சுற்றை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கொண்டுபோவது அதுதான். கம்பெனி சாமான் இனிமேல் கிடைக்காது. வெளியில் செய்ததில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டியை மெல்ல நகர்த்தும். இன்னொன்று, இன்ஜின் அலறினால்தான் பிடிக்கும், பிடித்தால் பாயும். இந்த மனுஷன் பாய்வதை வாங்கி வந்தார்.

“ரேஸ் வண்டிக்குப் போடறது கமலா. சும்மா பறக்கும்!”

“ஆமா, வாலாஜாபாத்துக்குப் பறக்கப் போறோமா? ஜனங்க நடக்கிறதுக்குப் பின்னாடி போற வண்டிங்க இது!”

“உனுக்கு இன்னா தெரியும்?” என்று மாட்டியே விட்டார்.

அதை மாட்டிய பிறகு முதல் ஊர்வலம் நேற்று சாயங்காலம். பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை, என் பக்கத்தில் இவர். எதிரே வீடியோ எடுக்கும் ஜான்சன், வழக்கம்போலப் பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். யாரோ அவனை எச்சரித்தார்கள்.

“கமலாக்கா ஓட்டறாங்கபா, இன்னா பயம்?” என்றான்.

சமதரையில் எப்படியோ சமாளித்தேன். சன்னதித் தெரு முனையில் வேகத்தடை வந்தது. முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினேன். இன்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். முன்பக்கம் துள்ளித் தூக்கியது. ஐயோ சாமி! பிரேக்கை மிதித்துவிட்டேன்.

ஜான்சன் அதைக் கவனிக்கவே இல்லை. பம்பருக்கு நேரே மண்டியிட்டு, கேமராவைத் தரையோடு வைத்துக்கொண்டிருந்தான்.

“தள்ளிப் போடா!” என்று கத்தினேன். தவில் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிரேக்கை இன்னும் இறுக்கி மிதித்தேன்.

“அழுத்தும்மா, எல்லாரும் பாக்கிறாங்க,” என்றார் இவர், என் காதருகே. “ஏறிடும்.”

“ஏறி எங்க நிக்கும்? சொல்லுங்க, எங்க நிக்கும்?”

“ஒண்ணும் ஆவாது.”

“அப்படியா? எறங்கிப் போய் ஜான்சன் எடத்துல நீங்க நில்லுங்க. நான் அழுத்தறேன்.”

வெடுக்கென்று கதவைத் திறந்து இறங்கினார். பம்பர் வரை போனார். அங்கே நின்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஜான்சனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று ஓரத்துக்கு இழுத்தார். அவரும் அங்கே நிற்கவில்லை.

“ஐயோ, ஷாட்டு போச்சேண்ணா!” என்று ஜான்சன் கத்தினான்.

இவர் என் பக்கம் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உதடு காய்ந்து போயிருந்தது.

“ஆஃப் பண்ணிடு கமலா,” என்றார். “தள்ளிக்கினே போயிடலாம்.”